ஐ.எஸ்.எஸ்.ஸா, ஆக்சுவரியா?

வாளையாருக்கு அந்தப் பக்கம் பாலக்காடோ, இந்தப் பக்கம் கோவையோ, இந்தியப் புள்ளியியல் பணியா (ஐ.எஸ்.எஸ்.), காப்பீட்டு இடரைக் கணிக்கும் ஆக்சுவரித் தொழிலா என்று புள்ளியியல் முதுகலையில் சேரும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு யு.பி.எஸ்.சி. நடத்துவது. வயது 21 முதல் 30. எழுத்துத் தேர்வுக்கு 1000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. புள்ளியியலில் நான்கு தாள். முதல் இரண்டும் கொள்குறி வகை, தப்பான விடைக்கு மூன்றிலொரு பங்கு மதிப்பெண் போகும். பலர் சறுக்குவது விரிவாக எழுதும் மற்ற இரண்டில்தான். மாதிரிக் கணிப்பில் வரும் நெய்மன் ஒதுக்கீட்டுச் சூத்திரம் மனப்பாடமாக வரும். நிறுவச் சொன்னால் பாதியில் பேனா நின்றுவிடும். வகுப்புக் குறிப்பை மூடிவைத்து எழுதிப் பழகாததன் வினை.

ஆக்சுவரித் தேர்வுகள் கொஞ்சம் காசு பிடிக்கும்: தாளுக்குத் தாள் கட்டணம், தவறினால் மறுபடியும். ஏசெட் நுழைவுத்தேர்வு முடித்தால் சி.எஸ்.1 என்ற புள்ளியியல் தாளை முதலில் எடுங்கள். பெரும்பகுதி நீங்கள் படித்ததே. ஆனால் அதன் பி பகுதி கணினியில், ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில். நிரலை ஓட்டினால் போதாது, கருதுகோள் சோதனையில் வந்த பி-மதிப்புக்கு என்ன அர்த்தம் என்று எழுதவும் வேண்டும்.