ஐந்து வருட ரப்பரும் என் ரோட்டாக்ஸ் 912-உம்

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில், வீட்டு கராஜிலேயே சிஎச் 701 என்ற இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, நீங்கள் இத்தனை வருடமாக ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின் வைத்திருக்கிறீர்கள், நானும் அதையே போடவா, இல்லை ஆஸ்திரேலியாவின் ஜபிரு எஞ்சின் பார்க்கவா?" என்று கேட்டிருந்தார். கேட்ட நேரம் அப்படி, அந்த வாரம்தான் ரப்பர் சாமான்களுக்குப் பில் வந்திருந்தது. கோபத்தில் எழுதினால் நியாயமாக இருக்காது என்று தள்ளிப்போட்டேன். கோபம் போகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதிவிடுகிறேன்.

1352 சிசி, 100 குதிரைத்திறன், 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால், இதெல்லாம் 701 கட்டுகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பரைப் பற்றிச் சொல்கிறேன்.

பராமரிப்புக் கையேட்டின்படி ஐந்து வருடம் ஆனால் பெட்ரோல் ஹோஸ், தண்ணீர் ஹோஸ், எண்ணெய் ஹோஸ், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்புரேட்டரை மேனிஃபோல்டில் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பர் சாக்கெட், கார்ப்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நீங்கள் தினமும் பறந்தீர்களா, விமானம் ஹாங்கரில் தூசி படிந்து நின்றதா என்பதெல்லாம் கணக்கில்லை. பால் பாக்கெட்டுக்குத் தேதி போடுகிற மாதிரி எஞ்சினுக்கும் போட்டிருக்கிறார்கள். கழற்றிய ஹோஸை வளைத்துப் பார்க்கிறேன், நெளித்துப் பார்க்கிறேன், வெடிப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆண்டுச் சோதனைக்கு வரும் ஏ.பி. (சோதித்துக் கையெழுத்துப் போட அனுமதி பெற்றவர்) ஓர் ஆஃப்ரிகானர் பெரியவர், லாக்புக்கில் தேதியைப் பார்த்தார், கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், பேச்சே இல்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த சாக்கெட்தான் கார்ப்புரேட்டரின் முழு எடையையும் தாங்குகிறது. அது இறுகி வெடித்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், கலவை நீர்த்துப்போகும், எஞ்சின் உதற ஆரம்பிக்கும். ரப்பரைக் கெடுப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல, சூடும் பெட்ரோலும் காலமும் சேர்ந்துதான். டிசம்பர், ஜனவரி கோடையில் டர்பனுக்கு வடக்கே எங்கள் டோங்காட் பக்கம் தகரக் கூரை ஹாங்கருக்குள் கால் வைத்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். ஆக விதியில் தப்பில்லை. என் எரிச்சல் எங்கே என்றால், எல்லாம் யூரோவில் விலை, நமக்கு ரேண்டில் சம்பளம். அதற்கு மேல், நான் சாமான் வாங்கிய கடை (பேர் வேண்டாம்) அனுப்பிய சாக்கெட் பாக்கெட்டில் இருந்த தேதியே இரண்டு வருடப் பழசு. போன் செய்து கேட்டால், "உங்கள் எஞ்சினில் மாட்டிய நாளிலிருந்துதான் கணக்கு" என்கிறார்கள். அவர்கள் அலமாரியில் மட்டும் ரப்பருக்கு வயது ஏறாது போலிருக்கிறது!

மாற்றியதோடு வேலை முடிவதில்லை. தண்ணீரை வடித்து, திரும்ப நிரப்பி, காற்றை எடுத்து, அப்புறம் இரண்டு கார்ப்புரேட்டரையும் வேக்குவம் கேஜ் வைத்துச் சமன் செய்ய வேண்டும். இதில் சோம்பல் பட்டால் மெதுவாக ஓடும்போது எஞ்சின் நடுங்கும், அந்த அடியெல்லாம் கியர்பாக்ஸ் வாங்கிக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்விட்டது. மச்சான் வீட்டு பிராய்க்கு (கரியில் கறி சுடும் விருந்து) போனபோது கறியும் இல்லை, கரியும் அணைந்துவிட்டது.

சரி, இதே எஞ்சினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றில் இருக்கும்போது ஒருமுறைகூட அது என் நெஞ்சைப் பதற வைத்ததில்லை. தலைப்பகுதி தண்ணீரில் குளிர்வதால், மேலேயிருந்து இறங்கும்போது த்ராட்டிலைச் சட்டென்று மூடினாலும் சிலிண்டர் ஹெட் திடீரென்று குளிர்ந்து வெடித்துவிடுமோ என்ற பயம் இல்லை. பெட்ரோல் பங்கிலிருந்து 95 ஆக்டேன் பெட்ரோலை கேனில் பிடித்து பக்கியில் (பிக்கப் வண்டி) ஏற்றிக்கொண்டு போய் ஊற்றுகிறேன், மணிக்கு 18 முதல் 20 லிட்டர் குடிக்கும். ஆவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் ஊற்றினாலும் ஓடும், ஆனால் அதில் ஈயம் இருக்கிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய் என்பதால் ஈயப் படிவு இரண்டுக்கும் கேடு, எண்ணெயைப் பாதி இடைவெளியிலேயே மாற்ற வேண்டிவரும்.

அப்புறம், எண்ணெய் அளவு பார்க்கும்போது இந்த எஞ்சின் விடும் ஏப்பம். எண்ணெய் தனித் தொட்டியில் இருப்பதால், அளவு பார்க்கும் முன் இக்னிஷன் இரண்டையும் அணைத்துவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும், அது சுற்றும் திசையில் மட்டும். சுற்றச் சுற்ற எஞ்சினுக்குள் தங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி, கடைசியில் களக் என்று ஒரு சத்தம் வரும். காலையில் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே வேறு சத்தமே இல்லாத நேரத்தில் அதைக் கேட்பதற்காகவே நான் பத்து நிமிடம் முன்னால் போகிறேன், வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஜபிரு 2200-க்கு ரேடியேட்டர் கிடையாது, கியர்பாக்ஸ் கிடையாது, மாற்ற வேண்டிய தண்ணீர் ஹோஸும் கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமைதான். 2014 டிசம்பரில் ஆஸ்திரேலிய விமானப் போக்குவரத்து ஆணையம் ஜபிரு எஞ்சின் விமானங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது, 2016-இல் தளர்த்தியது, அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். 701-க்கு என் தயக்கம் வேறு. ஜபிரு நேரடியாக ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது, நிமிடத்துக்கு 3300 சுற்று வரை. அந்த வேகத்தில் நீளமான ப்ரொப்பெல்லர் போட முடியாது. 912-இல் எஞ்சின் 5500-இல் கத்தினாலும் 2.43 கியர் வழியாக ப்ரொப்பெல்லர் ஏறக்குறைய 2260-இல் நிதானமாகச் சுற்றும், பெரியதாகப் போடலாம். மெதுவாகப் பறந்து குட்டி ரன்வேயில் இறங்குவதற்கென்றே செய்த விமானத்துக்கு அந்த இழுவைதான் உயிர். சிலர் போடும் வோக்ஸ்வாகன் பீட்டில் கார் எஞ்சினும் இதே கதைதான். நம் நாட்டு யூட்டன்ஹேக்கில் 1979 வரை பீட்டில் செய்தார்கள், பழைய மெக்கானிக் மாமாக்களுக்கு அது தலைகீழ்ப் பாடம், ஆனாலும் 701-க்கு நான் போட மாட்டேன்.

உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 5000 அடிக்கு மேல் என்பதை மறக்காதீர்கள் தம்பி. கோடை மதியத்தில் காற்றடர்த்தி 8000 அடிக்குச் சமமாகிவிடும், 100 குதிரையில் கால் பங்கு அங்கேயே காணாமல் போகும். அதனால் 80 குதிரை 912 உங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேனில் ஓடும் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள், இரண்டு பேர் உட்கார்ந்தால் ஏறத் திணறும். 115 குதிரை டர்போ 914 உங்கள் உயரத்துக்கு அருமை, விலையைக் கேட்டால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இன்றைக்கு என் வாயிலிருந்து வருவது "912 வாங்காதீர்கள்" என்பதுதான். அடுத்த வருடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. அப்படியானால் உங்களுடையதை விற்கிறீர்களா என்று மட்டும் கேட்க வேண்டாம், விற்க மாட்டேன்.

பழைய 912 ஏதாவது மலிவாக வந்தால் ஓடிய மணிக்கணக்கை அப்புறம் பாருங்கள், முதலில் லாக்புக்கில் ரப்பர் மாற்றிய தேதி. ஐந்து வருடம் நெருங்கியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். புது சாக்கெட் வாங்கினால் பணம் கொடுக்கும் முன் பாக்கெட்டின் போட்டோ கேளுங்கள், தேதி தெரிகிற மாதிரி.