பேண்டிட்: மூன்று ஆண்டுப் பழக்கமும் 12ஆம் நிலையும்

உசிலம்பட்டியில் இருக்கும் என் சித்தி மகன் கணினி அறிவியலில் பட்டம் பெற்றுவிட்டான். "அண்ணே, சைபர் செக்யூரிட்டி வேலைக்கு மதுரையில் 60,000 ரூபாய் கட்டி கோர்ஸ் சேரட்டுமா, இல்லை நீங்கள் சொல்கிற பேண்டிட் போதுமா?" என்று போன வாரம் கேட்டான். லினக்ஸ் கட்டளைகளையும் கணினிப் பாதுகாப்பின் அடிப்படைகளையும் விளையாட்டுப்போல நிலை நிலையாகக் கற்றுத்தரும், ஓவர் தி ஒயர் தளத்தின் இந்த இலவசப் பயிற்சியை மூன்று ஆண்டுகளில் நான்கு முறை முதல் நிலையிலிருந்து தொடங்கியவன் என்பதால், அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக, அவர்கள் சர்வரின் 2220ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) நுழைந்து ஒவ்வொரு நிலையிலும் அடுத்த நிலையின் பாஸ்வேர்டைத் தேட வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. என் மனத்தாங்கல் முழுவதும் 12ஆம் நிலையின் மேல்தான். அங்கே கிடைப்பது, மீண்டும் மீண்டும் சுருக்கப்பட்ட ஒரு கோப்பின் ஹெக்ஸ் டம்ப், அதாவது கோப்பின் உள்ளடக்கத்தைப் பதினாறடிமான எண்களாக எழுதிக் காட்டும் வடிவம். அதைப் பழைய வடிவுக்கு மாற்றி, இப்போது இருப்பது ஜிஜிப், பிஜிப்2 என்ற சுருக்க வடிவங்களா, டார் என்ற தொகுப்பு வடிவமா என்று, கோப்பின் வகையைச் சொல்லும் 'ஃபைல்' கட்டளையால் ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இந்த வேலைக்குத் தற்காலிகக் கோப்புகளுக்கான '/டெம்ப்' கோப்பகத்தில் யாரும் ஊகிக்க முடியாத பெயரில் ஓர் இடம் உருவாக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பாதி வேலையில் கரண்ட் போய், ரவுட்டர் அணைந்து, இணைப்பு அறுந்து, மறுபடி உள்ளே வந்து அந்தப் பெயரைத் தேடினால், '/டெம்ப்'பின் பட்டியலைக் காட்ட அனுமதி இல்லை என்ற பதில்தான் வருகிறது. பெயரைக் குறித்து வைக்காத எனக்கு ஒன்றரை மணி நேர உழைப்பு அப்படியே போயிற்று.

நியாயமாகச் சொன்னால், பட்டியல் திறந்திருந்தால் ஒருவர் கண்டுபிடித்த விடையை மற்றவர் எடுத்துக்கொள்வார் என்பதால்தான் அந்தத் தடை. ஒரு கோப்பகத்தில் 'ரீட்' அனுமதியை எடுத்துவிட்டு 'எக்ஸிக்யூட்' அனுமதியை மட்டும் விட்டுவைத்தால், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க முடியாது; பெயர் தெரிந்தவர் மட்டும் நேராக அதற்குள் போகலாம். கல்லூரியில் ஆர் (ரீட்), டபிள்யூ (ரைட்), எக்ஸ் (எக்ஸிக்யூட்) என்று மனப்பாடம் செய்திருந்தும் இந்த வேறுபாடு அன்று இரவுதான் எனக்கு விளங்கியது. பின்னர் இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் நடந்த ஒரு நேர்காணலில் இதையே கேட்டார்கள். நான் தொலைத்த கோப்பகத்தை வைத்தே விளக்கினேன், வேலை கிடைத்தது.

பேண்டிட் மட்டும் போதாது. நெட்வொர்க்கில் போய்வரும் தகவல் துண்டுகளான பாக்கெட்டுகளைப் படிக்க, வயர்ஷார்க் என்ற மென்பொருளில் தனியாகப் பழக வேண்டும். வலைத்தளப் பாதுகாப்புக்கு அதே தளத்தில் நடாஸ் என்ற இன்னொரு பயிற்சி இருக்கிறது. ஆனால் அனுமதியோடு கைவைத்துப் பழக ஓர் இடம் கிடைப்பதே பெரிது. அனுமதி இல்லாமல் பிறர் கணினியில் தீய நோக்கோடு நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதைத் தம்பியிடம் அழுத்திச் சொன்னேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், இன்று பேண்டிட்டுக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். நேற்று இரவு அதே 12ஆம் நிலையில் மறுபடியும் கரண்ட் போனது. தம்பி, அந்த 60,000 ரூபாயை இப்போது கட்டாதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு வீட்டுக்கு வா, கோப்பகத்தின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டுச் சேர்ந்தே தொடங்குவோம்.