வேகம் சரி, வழி நேராக இருக்கிறதா? சேலத்தில் ஓர் உள்ளூர் ஃபைபர் இணைப்பு

ஃபைபர் இணைப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எம்பிபிஎஸ், மாதம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளைத்தான். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஓர் உள்ளூர் கேபிள் நிறுவனத்திடமிருந்து வாங்கியிருக்கும் 100 எம்பிபிஎஸ் இணைப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நல்ல பதிலே சொல்ல முடிகிறது. தெருவே படம் பார்க்கும் இரவு நேரத்திலும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. மழையில் கேபிள் அறுந்து பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், பெரும்பாலும் அன்றைக்கே ஆள் வந்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். கட்டணமும் நியாயமானதுதான், 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றைவிட முக்கியம் என்று நான் கருதும் ஒன்றைத்தான் இந்த மதிப்புரையில் விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். நாம் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இந்த நிறுவனம் அதை ஒரே மாதிரி கொண்டுவந்து சேர்க்கிறதா, அல்லது நடுவில் நின்று ஒன்றுக்கு வழிவிட்டு இன்னொன்றை மறிக்கிறதா என்பதே அது.

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம், 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் வெளியிட்ட ஒழுங்குமுறையோடு இந்தியாவில் முடிவுக்கு வந்தது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்றும், மீறினால் நாளொன்றுக்கு ரூ.50,000 வீதம் ரூ.50 லட்சம் வரை அபராதம் என்றும் அந்த ஒழுங்குமுறை சொல்கிறது. தடுப்பது, வேகத்தைக் குறைப்பது, ஒரு சிலருக்கு மட்டும் முன்னுரிமை கொடுப்பது ஆகியவற்றுக்கான தடை 2018-இல் இணைய நிறுவனங்களின் உரிமத்தில் நிபந்தனையாகவே சேர்க்கப்பட்டது. அமெரிக்காவிலோ 2015-இல் வந்த விதி 2017-இல் நீக்கப்பட்டு, 2024-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்துவிட்டது. அந்த விஷயத்தில் நம் ஊர்ச் சந்தாதாரரின் நிலை உறுதியானது. ஆனால் விதி ஏட்டில் இருப்பது வேறு, நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிவரை வந்து சேர்வது வேறு என்பதால் சோதித்துப் பார்த்தேன்.

சோதனைக்கு வெஹே என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்தினேன். பிரபலமான ஒரு காணொளிச் சேவையின் போக்குவரத்தை அது ஒருமுறை உள்ளபடியே அனுப்பும். மறுமுறை, இன்ன சேவை என்று நடுவில் இருப்பவர் அடையாளம் காண முடியாதபடி உருமாற்றி அனுப்பும். இரண்டுக்கும் இடையே வேகத்தில் திரும்பத் திரும்ப வித்தியாசம் தெரிந்தால், யாரோ பெயர் பார்த்துப் பிரிக்கிறார்கள் என்று பொருள். எங்கள் இணைப்பில் காணொளிச் சேவைகளிலும் காணொளி அழைப்புச் செயலிகளிலும் அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இதை நான் இந்த நிறுவனத்தின் முதல் தகுதியாக வைக்கிறேன்.

ஆயினும் யூடியூப் கண்மூடித் திறப்பதற்குள் ஓடுகிறது, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் பக்கமோ, நூலகம் என்ற மின்னூலகத் தளத்தில் ஸ்கேன் செய்து வைத்த நூலோ சற்றுப் பொறுத்துத்தான் திறக்கிறது. இதைப் பாரபட்சம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய காணொளி நிறுவனங்கள் தங்கள் உள்ளடக்கத்தின் பிரதிகளைத் தாங்கிய சேமிப்பு வழங்கிகளை (சர்வர்களை) இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே வைத்துவிடுகின்றன. அதனால் நாம் கேட்கும் படம் பக்கத்திலிருந்தே வருகிறது. நன்கொடையிலும் தன்னார்வத்திலும் நடக்கும் தமிழ்த் தளங்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் ஏடுகள் தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து பல கைமாறி வர வேண்டும். இந்தச் சேமிப்பு வழங்கி ஏற்பாட்டை நம் விதிகள் விலக்காகவே அனுமதிக்கின்றன. அனுமதி சரியே என்றாலும், பணமுள்ளவரின் பக்கம் முந்திக்கொண்டு வருவதும் பழந்தமிழ் நூல் பின்னால் நிற்பதும் எனக்கு வருத்தம் தருகிறது. இணைய நிறுவனம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: வெளிநாட்டு வழித்தடத்தில் போதிய கொள்ளளவு வாங்கி வைப்பது. இந்த நிறுவனம் அதைப் பகலில் ஓரளவு செய்கிறது. இரவு நெரிசலில் அது போதவில்லை.

எனக்கு உடன்பாடில்லாதது இணைப்போடு தந்த துண்டறிக்கையில் இருக்கிறது. மாத டேட்டா வரம்பு தீர்ந்ததும் வேகம் 2 எம்பிபிஎஸ் ஆகக் குறையும், ஆனால் "எங்கள் டிவி செயலிக்கு டேட்டா கழியாது, வேகமும் குறையாது" என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நிறுவனத்தின் சொந்த வளையத்துக்குள்ளேயே, இணையத்தைத் தொடாமல் ஓடும் சேவைக்கு 2016 ஒழுங்குமுறை பொருந்தாது என்பது உண்மை. ஆனால் விதியை ஏய்ப்பதற்காக அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது. அந்தச் செயலி மொபைல் டேட்டாவிலும் ஓடுகிறது. அதாவது பொது இணையத்திலும் கிடைக்கிற சேவைதான் அது. அப்படியானால் மாதக் கடைசியில் என் மகளின் இணையவழி வகுப்பு இரண்டு எம்பிபிஎஸ்ஸில் தடுமாற, இவர்களுடைய சீரியல் மட்டும் தங்குதடையின்றி ஓடுவது எப்படிச் சரியாகும்? இணைப்புக் கொடுக்க வந்தவரிடம் கேட்டேன். "அது நம்ம சர்வர்லயே இருக்குதுங்கண்ணா, வெளிய போறதில்லீங்க. மத்தபடி நாங்க எதையும் நிறுத்தறதில்லைங்க" என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். நிறுவனம் எழுத்தில் தர வேண்டிய விளக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

இன்னொரு குறை சிறியது, ஆனால் சுபாவத்தைக் காட்டுவது. முகவரியில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால், அப்படி ஒரு தளம் இல்லை என்ற செய்தி வருவதற்குப் பதிலாக, நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் ஒன்று திறக்கிறது. நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கி (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் வழங்கி) செய்யும் வேலை இது. ரூட்டரின் அமைப்புகளுக்குள் போய் டிஎன்எஸ் முகவரியை, வேறு நிறுவனங்கள் தரும் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றியதும் நின்றுவிட்டது. மாற்றத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் அது தொடர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் என் ஆட்சேபம்.

சில தளங்கள் முற்றாகவே திறப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்ற அறிவிப்பு வந்தால் அதற்கு நிறுவனத்தைக் குறை சொல்லக் கூடாது; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழோ நீதிமன்ற ஆணையின்படியோ வரும் பட்டியலை அவர்கள் நிறைவேற்றியே ஆக வேண்டும். 2017 ஆகஸ்டில், திரைப்படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களோடு, பழைய நூல்களையும் இணையப் பக்கங்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சிக்கிக்கொண்டது. பழைய தமிழ் நூல்களுக்கு அதை நம்பியிருந்த எத்தனையோ பேர் திகைத்துப்போனோம். பின்னர் தடை விலகியது. கவலை தர வேண்டியது, அறிவிப்பே இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டு நின்றுவிடும் தளங்கள்தான். அப்போது அதே தளத்தை மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே திறந்து இங்கே திறக்காவிட்டால் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அப்படி நேர்ந்த ஒரு தளம், புகார் கொடுத்த சில நாட்களில் எந்த விளக்கமுமின்றித் திறந்துகொண்டது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் இதே நிறுவனத்தின் இணைப்பில் இருக்கிறார். பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) பங்கிட்டுத் தருவதால், பட்டறைக் கேமராவின் பழைய ரெக்கார்டரை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியவில்லை. தனி ஐபி வேண்டுமென்றால் தனிக் கட்டணம். வியாபாரிகள் இதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

சேலம் நகரத்தில் பிடிக்காவிட்டால் அடுத்த நிறுவனத்துக்கு மாறிவிடலாம். ஏற்காட்டில் கதை வேறு. நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ஃபைபர் இழுத்திருப்பது இந்த ஒரே நிறுவனம்தான். சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்து கேபிள் அறுந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதை அக்கா வீட்டார் குறையாகச் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் மாற்று இல்லாத இடத்தில் அந்த ஒரே நிறுவனம் எதைக் காட்டுகிறதோ அதுவே அந்த வீட்டுக்கு இணையம். சொந்தச் செயலிக்கு மட்டும் சலுகை என்பது நகரத்தில் ஒரு விற்பனை உத்தியாகத் தோன்றலாம். வரம்பு தீர்ந்த பிறகு மலைமேல் இருக்கும் குடும்பத்துக்கு அது இணையத்தையே ஒரு செயலியாகச் சுருக்கிவிடுகிறது.

இத்தனையும் சொன்ன பிறகும், சேலத்தில் கேட்பவர்களுக்கு இந்த இணைப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது டேட்டா வரம்பு அதிகமுள்ள திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓடிடி சேர்ந்த தொகுப்பு வேண்டாம். ரூட்டரின் கடவுச்சொல்லை அவர்களிடமே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருகிறார்கள். டிவி செயலி பற்றிய எழுத்துபூர்வமான பதில் கைக்கு வரும்வரை நான் மாதாமாதம்தான் கட்டப்போகிறேன்.