அம்மாவின்ர ரீலோட் காசு எங்க போகுது? சும்மா ரீலோட், நாள் பக்கேஜ், மாசப் பக்கேஜ் மூண்டையும் வச்சுப் பாத்தது

விசுவமடுவில இருக்கிற எங்கட அம்மா ஒரே மாசத்தில மூண்டு தரம் ஒரே கதையைச் சொன்னவ. "தம்பி, 100 ரூபா போட்டனான், ரெண்டு கோல்கூட ஒழுங்கா எடுக்கேல்லை, காசு காணாது எண்டு போன் சொல்லுது." முதல் ரெண்டு தரமும் நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை, கதைச்சுப்போட்டு கட் பண்ணாம வச்சிருப்பா எண்டு நினைச்சிட்டன், அது என்ர பிழைதான். மூண்டாம் தரம் போய் இருந்து, ஒரு பழைய கொப்பியைக் குடுத்து, இரவு படுக்கமுதல் பலன்ஸ் எவ்வளவு விடிய எழும்பினவுடன எவ்வளவு எண்டு எழுதச் சொன்னன். ஏழு நாளும் விடாமல் எழுதி வச்சிருந்தவ. செவ்வாய் இரவு 84.20, புதன் விடிய 77 சொச்சம். இடையில கோல் இல்லை, எஸ்எம்எஸ் இல்லை, பட்டன் போன் எண்டபடியால் டேட்டாவும் இல்லை, போன் சாமிப்படத்துக்குப் பக்கத்தில சார்ஜில கிடந்தது. அடுத்த நாளும் அதே அளவு குறைஞ்சிருந்தது. கதைச்ச காசு எண்டால் ஒரு நாளைக்கு ஒரு மாதிரிப் போகும், இது ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. அப்பதான் விளங்கினது இது நாள்வாடகை மாதிரி வெட்டுற சேவைக் காசு எண்டு.

மெசேஜ் பெட்டியைத் திறந்தால் இருநூறுக்கு மேல வாசிக்காத மெசேஜ், முக்கால்வாசி இங்கிலீசில. தேடிப் பாத்தால் ராசிபலன் சேவை ஒண்டும், கோல் எடுக்கிற ஆக்களுக்குப் பாட்டுக் கேக்கிற சேவை ஒண்டும் ஓடிக்கொண்டிருக்கு. அம்மா எதையும் கேக்கேல்லை. திரையில திடீரெண்டு ஒரு பெட்டி வரும், கீழ ஓகே எண்டு இருக்கும், அதை அழிக்கிறதுக்கு அவ நடு பட்டனை அமத்துவா, அமத்தினால் சேர்ந்தாச்சு. வாசிக்கத் தெரியாத பாஷையில கேள்வி கேட்டு அதுக்கு ஓம் எண்டு எடுத்துக்கொள்ளுறது எந்த நியாயத்திலயும் சேராது, இதை நான் கோவத்தோடதான் எழுதுறன். எங்கட பக்கத்தில தனிய இருக்கிற வயசான ஆக்களுக்கு இந்த 100 ரூபாதான் பிள்ளையளோட இருக்கிற ஒரே தொடர்பு.

இனி விஷயத்துக்கு வாறன். எங்கட வீட்டு ஆக்கள் மூண்டு விதமா காசு போடுறபடியால் மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்க வசதியா இருந்தது. அம்மா சும்மா ரீலோட். மச்சான் டிப்பர் ஓடுறவர், ஒரு நாள், ரெண்டு நாள் எண்டு சின்னச் சின்ன டேட்டா பக்கேஜ். மல்லாவியில இருக்கிற அக்கா மாசப் பக்கேஜ்.

சும்மா ரீலோட்டில நல்லது என்னெண்டால் எதையும் ஞாபகம் வச்சிருக்கத் தேவையில்லை, பாவிச்ச அளவுக்குத்தான் போகவேணும், மாசத்தில பத்துக் கோல் எடுக்கிற ஆளுக்கு இதைவிட மலிவா வேற இல்லை. ஆனா மெயின் பலன்ஸ்ல கிடக்கிற காசில எல்லாரும் கை வைக்கலாம், அதுதான் இதின்ர பெரிய குறை. மேல சொன்ன சேவையள் அதிலதான் வெட்டும். பலன்ஸ் முடிஞ்ச நேரம் அவசரத்துக்குக் கொம்பனியிட்ட எடுத்த லோனும் அதிலதான் வெட்டும், எடுத்த காசுக்கு மேல சேவைக் கட்டணமும் சேர்த்து அடுத்த ரீலோட்டில கழியும், கனபேர் லோன் எடுத்ததையே மறந்திட்டு கடைக்காரத் தம்பி குறையப் போட்டிட்டான் எண்டு அவனோட சண்டைக்குப் போறவை.

அடுத்தது வெளிநாட்டு மிஸ்ட் கோல். இது எங்கட சனத்தைக் குறிபார்த்து அடிச்ச மாதிரி, ஏனெண்டால் வன்னியில ஆக்கள் வெளியில இல்லாத வீடு குறைவு, தெரியாத நம்பர் எண்டாலும் மகனோ மருமகளோ புது நம்பரில எடுக்கினமாக்கும் எண்டுதான் மனம் சொல்லும். ஒருக்கா அடிச்சு உடன நிக்கும், திருப்பி எடுத்தால் காசு நிமிசத்துக்கு நிமிசம் ஓடும். கனடா 1, லண்டன் 44, பிரான்ஸ் 33, சுவிஸ் 41 எண்டு கனபேருக்குத் தெரியும், தெரியாதது என்னெண்டால் கனடாவுக்கு மட்டும் இல்லை ஜமேக்கா மாதிரி கரீபியன் தீவுகளுக்கும் அதே 1தான். டொரன்டோ எண்டால் 1க்குப் பிறகு 416, 647 மாதிரி வரும், ஜமேக்கா எண்டால் 876. ஆக 1ல தொடங்கினவுடன கனடா எண்டு நம்பி எடுக்கவேண்டாம். சொந்தக்காரர் எண்டால் வட்ஸ்அப்பில திருப்பி எடுப்பினம், பொறுத்திருங்கோ.

எஸ்எம்எஸ்ஸையும் சொல்லவேணும். இங்கிலீஸ் எழுத்தில ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, அதில ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலே முழு மெசேஜுக்கும் 70 தான். அதிலயும் போன் எண்ணுறது வேற கணக்கு, வணக்கம் எண்டு எழுதினால் எங்கட கண்ணுக்கு 5 எழுத்து, போனுக்கு 7, ஏனெண்டால் புள்ளியையும் தனிய எண்ணும். கூடினால் ரெண்டு மூண்டு துண்டாகி ஒவ்வொரு துண்டுக்கும் காசு. தமிழில எழுதாதேங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், எழுதவேணும், எஸ்எம்எஸ் பக்கேஜ் ஒண்டைப் போட்டிட்டு எழுதுங்கோ.

மச்சானின்ர நாள் பக்கேஜ் முறையைப் பாப்பம். கையில 50, 100 எண்டு வாற காசுக்கு இது பொருத்தம், கூலி கிடைச்ச அண்டைக்குப் போடலாம், வேலை இல்லாத அண்டைக்கு விடலாம். நான் இதைக் குறை சொல்ல வரேல்லை, மாசம் ஒரேயடியா எடுத்து வைக்கக் காசு இல்லாத வீட்டுக்கு வேற வழி என்ன. ஆனா மூண்டு முறையிலயும் காசு பறிபோற சந்தர்ப்பம் கூட இதிலதான், ஏனெண்டால் பக்கேஜ் முடியிற நேரம் மாசத்தில ஒருக்கா இல்லை, பத்துப் பதினைஞ்சு தரம் வருது. முடிஞ்ச பிறகும் டேட்டா ஓனில இருந்தால் சில பிளானில நெட் தானா நிக்கும், சில பிளானில மெயின் பலன்ஸ்ல இருந்து சாதாரண ரேட்டுக்கு வெட்டத் தொடங்கும், பக்கேஜ் ரேட்டோட பாத்தால் அது பலமடங்கு. நீங்கள் போனைத் தொடாட்டியும் பிளே ஸ்டோர் அப்டேட் எடுக்கும், வட்ஸ்அப் குரூப் வீடியோவுகள் தானா இறங்கும், போட்டோக்கள் பக்கப் ஆகும். மச்சான் போட்டது ஒரு நாள் பக்கேஜ், பின்னேரம் 5 மணிக்குப் போட்டால் அடுத்த நாள் 5 மணிவரை இருக்கும் எண்டு நினைச்சவர், அது அண்டைக்கு நடுச்சாமத்தோட முடியிற பக்கேஜ். நித்திரையால எழும்ப 140 ரூபா இல்லை. ஒரு நாள் எண்டால் 24 மணித்தியாலமோ நடுச்சாமம்வரையோ எண்டு போடமுதல் கேட்டே ஆகவேணும்.

எங்கட பக்கத்துக்கெண்டே இன்னொரு பிரச்சினை இருக்கு. ஒட்டுசுட்டான், துணுக்காய் உள்பக்கங்களில ஒரு இடத்தில ஒரு கொம்பனிக்குத்தான் கவரேஜ் நல்லா இருக்கும், ரெண்டு கிலோமீட்டர் அங்கால போனால் மற்றது, அதாலதான் இஞ்ச எல்லாரிட்டயும் ரெண்டு சிம். புது போன்களில ஒரு சிம்முக்கு சிக்னல் இல்லாட்டி தானா மற்ற சிம்மின்ர டேட்டாவுக்கு மாறுற செட்டிங் இருக்கு. பக்கேஜ் ஒரு சிம்மில, ரீலோட் காசு மற்ற சிம்மில எண்டால், ரோட்டில போகப் போக பக்கேஜ் இல்லாத சிம்மில காசு கரையும், நீங்கள் பக்கேஜ் இன்னும் மிச்சம் இருக்கே எண்டு குழம்பிக்கொண்டு இருப்பியள். சிம் செட்டிங்கில போய் அந்தத் தானா மாறுறதை ஓஃப் பண்ணுங்கோ. தலைமன்னார்க் கரையில இருக்கிற ஆக்கள் ரோமிங்கையும் சேர்த்து ஓஃப்ல வச்சிருக்கிறது நல்லது, அங்க இந்திய நெட்வேர்க்கும் எட்டிப் பிடிக்கிறது.

அக்காவின்ர மாசப் பக்கேஜ்தான் மூண்டிலயும் நிம்மதி. ஒருக்கா போட்டால் 30 நாள், மெயின் பலன்ஸ்ல சதம் வைக்கத் தேவையில்லை, பிள்ளையின்ர படிப்பும் நடக்குது. ஆனா விளம்பரத்தில இருக்கிற பெரிய ஜிபி எண்ணை அப்பிடியே நம்பாதேங்கோ, அதில பாதி சிலவேளை நைட் டேட்டா, நடுச்சாமத்துக்குப் பிறகுதான் பாவிக்கலாம், பகல் டேட்டா 12 நாளில முடிஞ்சால் மிச்சம் சும்மா கிடக்கும். ஃபேஸ்புக், வட்ஸ்அப் மட்டும் எண்டு வாற பக்கேஜில ஃபேஸ்புக்கில கிடக்கிற ஒரு செய்தி லிங்கை அமத்தினால் அது வெளியில திறக்கும், வெளியில திறந்தது பக்கேஜுக்குள்ள வராது.

கோல் பக்கேஜில ஃப்ரீ எண்டு சொல்லுறது கனக்க அதே நெட்வேர்க்குக்குத்தான். நம்பரைப் பாத்துக் கண்டுபிடிக்கலாம், 077, 076, 074 டயலொக், 071, 070 மொபிடெல், 078, 072 ஹட்ச், 075 எயார்டெல். இதில குழப்பம் எங்க எண்டால் 072 முந்தி எட்டிசலாட், 2018 கடைசியிலதான் ஹட்சோட சேர்ந்தது, எயார்டெல் 2024ல டயலொக்கின்ர கைக்குப் போனது. 075 நம்பர் உங்கட பக்கேஜில ஒரே நெட்வேர்க்காக் கணக்கெடுபடுதோ எண்டு கேட்டிட்டு எடுங்கோ.

வரி மூண்டு முறைக்கும் பொது. 2024 ஜனவரியில வற் எண்ட பெறுமதி சேர் வரி 15 வீதத்தில இருந்து 18 வீதமாச்சு, 2022ல வந்த சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம், கோல், எஸ்எம்எஸ்ஸுக்கு தொலைத்தொடர்பு லெவி எண்ட இன்னொரு வரி 15 வீதம், இன்டர்நெட்டுக்கு அந்த லெவி இல்லை. வரி சேராத விலையை எங்கயாவது கண்டால் கையில போறது அதைவிடக் கூட, 100 எண்டால் வற் மட்டும் போட்டாலே 118. இந்தக் கூடுதல் களவு இல்லை, அதைப் போய் கவுண்டரில சண்டை பிடிக்கிறதில பிரயோசனம் இல்லை.

பாவிச்ச பிறகு மாசம் பில் கட்டுற போஸ்ட்பெய்ட் நல்லமோ எண்டு கேக்கிறவைக்கு, பில்லில வரிவரியா இருக்கும் எண்டது உண்மைதான், ஆனா தேவையில்லாத சேவை அதிலயும் ஏறும், ஏறினது மாசக் கடைசியிலதான் தெரியும். மாசச் சம்பளம் இல்லாத ஆளுக்கு நான் சொல்லமாட்டன்.

எங்க போனது எண்டு கண்டுபிடிக்கிறதுக்கும் வழியள் இருக்கு, அதுகளும் ஒண்டைப்போல இல்லை. ஸ்மார்ட் போன் எண்டால் கொம்பனியின்ர அப்தான் முதலாவது, என்ன சேவை ஓடுது எண்டு பாத்து அதிலயே நிப்பாட்டலாம், ஸ்கிரீன்ஷொட்டும் எடுத்து வைக்கலாம். பட்டன் போனுக்கு ஹொட்லைன்தான், டயலொக் 1777, மொபிடெல் 1717, ஹட்ச் 1788. தமிழை அமத்திப்போட்டு காத்திருக்கவேணும், எடுத்தவுடன காசு போயிட்டுது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, "இந்த நம்பரில இப்ப என்னென்ன சேவை ஓடுது, எந்த திகதி எந்த வழியால சேர்ந்தது" எண்டு கேளுங்கோ, எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லி முறைப்பாட்டு நம்பரையும் வாங்குங்கோ. ரீலோட் கடைக்குப் போறது சுலபம்தான், ஆனா கடைக்காரத் தம்பிக்கு உங்கட நம்பரில என்ன வெட்டினது எண்டு பாக்கிற வசதி இல்லை. கொம்பனி சரிவரப் பதில் சொல்லாட்டி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின்ர 1900க்கு எடுக்கலாம், அங்க திகதியும் தொகையும் முறைப்பாட்டு நம்பரும் கையில இருந்தால்தான் கதை எடுபடும்.

எங்களுக்கு உதவினது அம்மாவின்ர கொப்பிதான். நான் ஹொட்லைனில அந்தத் திகதியளை ஒண்டொண்டா வாசிக்க, மற்றப் பக்கத்தில இருந்த பிள்ளை நிப்பாட்டி வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தா, ரெண்டு சேவையையும் எடுத்துவிட்டா, கடைசி ஒரு கிழமைக் காசு திரும்ப ஏறினது. அதுக்கு முதல் மாசக்கணக்கா வெட்டினது வரேல்லை.

இப்ப அம்மாவுக்கு சும்மா ரீலோட்டை விட்டிட்டு சின்னக் கோல் பக்கேஜ் ஒண்டு போட்டிருக்கிறம், மெயின் பலன்ஸ்ல 20 ரூபாக்கு மேல வைக்கிறேல்லை, பெட்டி வந்தால் சிவப்புப் பட்டனை அமத்தவேணும் எண்டு போனுக்குப் பின்னால ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. மச்சானுக்கு நாள் பக்கேஜ்தான், மாத்தேலாது, ஆனா போட்டு முடிஞ்சவுடன மிச்சக் காசையும் பக்கேஜாக்கி பலன்ஸைச் சைபருக்குக் கொண்டுவாறார், படுக்கமுதல் டேட்டாவை ஓஃப் பண்ணுறார். அக்கா அதே மாசப் பக்கேஜில இருக்கிறா, பகல் டேட்டா கூடின ஒண்டுக்கு மாறினவ. அம்மா இன்னும் கொப்பியில எழுதுறா, நான் நேற்றுப் பாக்கேக்க இரவு 18.50, விடிய 18.50.