மாலை வெயிலில் காலை நிழல்

கணினியில் விமானம் ஓட்டும் எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டருக்கு நான் தனியாக வாங்கிப் போட்ட சாட்டிலைட் படத் தரையின் (நிஜ சாட்டிலைட் படத்தையே நிலமாக விரித்தது) விலையை இப்போது பாதியாகக் குறைத்திருக்கிறார்கள், வாங்கட்டுமா என்று நண்பர் கேட்டார். இரண்டு வருடமாக அதன் மேல்தான் பறக்கிறேன், ஒரு வரியில் பதில் வரவில்லை.

நான் போட்டிருப்பது ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் வட்டாரம். வடக்கே நோர்ட்கெட்டெ மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும், தெற்கே பாட்ஷர்கோஃபெல், நடுவில் இன் ஆறு, பக்கத்திலேயே 2,000 மீட்டர் ஓடுபாதை. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் கிழக்கிலிருந்து பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் வயல் வயலாகப் பிரிந்து தெரிகிறது, மேப்பைத் திறக்காமல் ஆற்றையும் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டே வந்து இறங்கிவிடலாம். முதல் நாள் அப்படி இறங்கியபோது உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

விமானத்தையும் குறை சொல்ல முடியாது. இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் காற்று என்ன செய்கிறது என்று கணக்குப் போடும் சிமுலேட்டர் இது. முழு த்ராட்டில் கொடுத்து இன்ஜினை முடுக்கினால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் வலது ரட்டர் மிதியை மிதித்தே ஆகவேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்கினால் மூக்கு எழும்பும், மூக்கைச் சமன்படுத்தும் ட்ரிம் சக்கரத்தை உருட்டி அடக்கவேண்டும்.

அப்புறம் சாயங்காலம் ஆகும். அங்கேதான் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. படம் எடுத்த வேளையின் நிழல் தரையிலேயே பதிந்து கிடக்கிறது, காலையில் எடுத்தது போலிருக்கிறது. சூரியன் மேற்கே இறங்க இறங்க, சிமுலேட்டர் நட்ட மரத்தின் நிழல் கிழக்கே நீள்கிறது. அதன் காலடியில் படத்தில் உள்ள கறுப்பு நிழலோ வடமேற்கே பார்த்து அசையாமல் கிடக்கிறது. ஒரு மரத்துக்கு இரண்டு நிழல்! தெற்கு மலைகளின் வடக்குச் சரிவு இன்னும் மோசம், ஜூன் மாத நண்பகலிலும் மை கொட்டின மாதிரி இருட்டு. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு ஆறும் தெரியாது, வயலும் தெரியாது, அது மட்டும்தான் தெரியும்.

நிழலை அழிப்பது சுலபமில்லை, இருட்டில் மறைந்த நிறத்தை எங்கிருந்து கொண்டுவருவது, சரி. ஆனால் காசு வாங்குகிறவர்கள் அந்தச் சரிவுகளைக் கொஞ்சம் வெளிறவாவது வைத்திருக்கலாம், விளம்பரத்தில் ஒரு மாலை நேரப் படமாவது போட்டிருக்கலாம். எழுதிக் கேட்டேன், "படம் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது.

பாதி விலைக்குக்கூட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். சிமுலேட்டரோடு வரும் சாதாரணத் தரையிலேயே ஒரு மாலை இன்ஸ்ப்ரூக்கில் இறங்கிப் பாருங்கள், வயல்கள் அங்கே இருக்கிறபடி இருக்காது, ஆனால் நிழல் ஒரே பக்கம் விழும்.