நைட் கார்டு, குறட்டைக் கருவி என்று 11,499 ரூபாய்க்குப் பட்டை நாமம்: உஷார் மக்களே

11,499 ரூபாய். வீட்டில் இருந்தபடியே பல் அச்சு எடுத்து அனுப்பினால் அளவாகக் கவசம் செய்து தருகிறோம் என்று ஆன்லைனில் விற்கிற ஒரு நிறுவனம் என்னிடம் அடித்துக்கொண்டு போன தொகை இது. நேற்று சாயங்காலம் அவர்கள் கஸ்டமர் கேரில் சொன்ன கடைசிப் பதிலைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை. (தூங்கினாலும் பல்லைத்தான் கடிப்பேன், அது வேறு கதை.) சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். பெயரைப் போடவில்லை. நுகர்வோர் புகார் போட்டிருக்கிறேன், அது முடிகிறவரை பெயரை இழுக்காதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். ரீல்ஸ் பார்க்கும்போது நடுவில் வந்து விழும் விளம்பரம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். இவ்வளவு சொன்னால் போதும், பார்த்தவர்களுக்குப் புரியும். இந்த மாதிரி ஆட்களிடம் சிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம். காலையில் எழுந்தால் தாடை இறுகிப்போயிருக்கும், நெற்றிப்பொட்டில் வலி. முன்பல் ஓரம் லேசாகச் சில்லு பெயர்ந்தபோது பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினேன். எனாமல் தேய்ந்திருக்கிறது, ராத்திரியில் நைட் கார்டு (பல் தேயாமல் இருக்க மாட்டிக்கொள்ளும் கவசம்) போட்டுக்கொள்ளுங்கள், ஆக்ரிலிக்கில் செய்ய 5,500 ஆகும் என்றார்கள். இந்த ஆன்லைன்காரன் விலை 4,999. வெறும் 501 ரூபாய்க்கு ஆசைப்பட்டுப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் அப்பா. அவர் விடுகிற குறட்டை மாடி வீட்டுக்குக் கேட்கும். ஆஸ்பத்திரி என்றாலே "எனக்கு என்ன கேடு, நல்லாத்தான இருக்கேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள். விளம்பரத்தில் பல் கடிப்பதற்கு ஒன்று, குறட்டைக்கு ஒன்று, இரண்டும் வீட்டிலேயே என்று இருந்தது. குறட்டைக் கருவி 6,500. ஆக மொத்தம் 11,499.

பணத்தை மொத்தமாகக் கேட்டிருந்தால் சுதாரித்திருப்பேன். கேட்கவில்லை. கிட்டுக்கு மட்டும் 1,499 போடுங்கள், மொத்தத்தில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். பெட்டி வந்தது. வெள்ளை, நீலம் என்று இரண்டு டப்பாவில், பல் அச்செடுக்கிற, பிசைந்த மாவு மாதிரி ஒரு பொருள். 'புட்டி' (putty) என்பார்கள். இரண்டையும் நிறம் ஒன்றாகிறவரை சேர்த்துப் பிசைந்து, தட்டில் அழுத்தி, வாயில் வைத்துச் சில நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். வீடியோ காலில் அவர்களுடைய 'டாக்டர்' ஒருவர் கூடவே இருந்தார். அப்பாவுக்குத் தட்டு உள்ளே போனதுமே ஓங்கரித்துக்கொண்டு வந்தது. எச்சில் சட்டையெல்லாம் வழிகிறது. "ஐயா, மூக்கால மூச்சு விடுங்க, கால் கட்டை விரல ஆட்டிக்கிட்டே இருங்க" என்று சொல்லி அந்த ஆள் அவரைச் சமாளித்துக் காரியத்தை முடித்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை முழுசாக நம்பவைத்தது. அச்சைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "சார், உங்க அச்சுல கடைசிக் கடைவாய்ப்பல் கிட்ட இழுபட்டிருக்கு. இத வச்சு நாங்க செய்ய மாட்டோம். புது புட்டி ஃப்ரீயா அனுப்புறேன். மறுபடி எடுத்து, நல்லா வந்த பிறகு மீதிப் பணம் போடுங்க, அவசரமே இல்ல" என்றார். வந்த காசை வாங்காமல் தள்ளிவைக்கிறவன் ஏமாற்றுக்காரனாக இருப்பானா? அப்பாவே, "இந்தப் பையன் பரவாயில்லப்பா, தொழில் தெரிஞ்சவனா இருக்கான்" என்றார். எங்கள் வீட்டில் அப்பா ஒருவரைப் பாராட்டுவது தீபாவளிக்குத் தீபாவளி நடக்கிற விஷயம். இரண்டாவது அச்சு "சூப்பர் சார்" ஆனது. அன்றைக்கே மீதி 10,000 ரூபாயை ஜிபேயில் போட்டேன். இப்போது யோசித்தால், அந்த இலவசப் புட்டிதான் தூண்டில் புழு.

பெட்டி அழகாகத்தான் வந்தது. மூடியில் என் பெயர் பொறித்த டப்பா, சின்ன பிரஷ், கழுவுகிற மாத்திரை. கவசத்தை மேல் வரிசையில் மாட்டினேன். வலது பக்கம் அழுத்தினால் இடது பக்கம் தூக்குகிறது, இடது பக்கம் அழுத்தினால் வலது தூக்குகிறது. கழற்றி டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். காலேஜ் படிக்கும்போதே மேல் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியாயிற்று. அந்த இடம் இன்றைக்கும் வெறும் ஈறுதான். கவசத்தில் சரியாக அந்த இடத்தில் ஒரு பல்லுக்கான குழி. நாலு முகடும், நடுவில் ஓடுகிற பள்ளமும் தெளிவாகப் பதிந்திருக்கிற முழுக் கடைவாய்ப்பல். என் வாயில் இல்லாத பல்லுக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள்! நான் அனுப்பிய அச்சின் படம் போனில் அப்படியே இருக்கிறது, அதில் அந்த இடம் மொட்டையாகத்தான் இருக்கிறது. இது எவனோ ஒருவனுடைய பல், அல்லது பொதுவான ஏதோ ஒரு அச்சில் வார்த்தது.

படத்தோடு வாட்ஸ்அப்பில் கேட்டேன். வந்த பதில்: "சார், அது ஏர் ஸ்பேஸ். டிசைன்லயே அப்படித்தான் வரும்." ஆடுகிறதே என்றேன். "வாய் பழகணும் சார், 21 நாள் அடாப்டேஷன் பீரியட்." பழகட்டும் என்று போட்டுப் படுத்தேன், காலையில் காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி, வாயைத் திறந்தால் சொடுக்குகிறது. சொன்னேன். "சுடுதண்ணில 10 செகண்ட் போட்டு எடுங்க சார்." போட்டேன், ஓரம் வளைந்தது. அதையும் சொன்னேன். "நீங்க சுடுதண்ணில போட்டதால வாரண்டி போயிடுச்சு சார்." மறுபடி படியுங்கள். போடச் சொன்னதும் அவர்கள், வாரண்டி போனதற்குக் காரணமும் அதுதான்.

அந்த 'டாக்டர்' எண்ணுக்குப் போட்டால் ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. ப்ளூ டிக் விழுகிறது, பதில் இல்லை. பிறகு அந்தக் கணக்கில் இருந்த வெள்ளைக் கோட்டு போட்டோவும் காணாமல் போயிற்று. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர் அச்சு நான்தான் தப்பாக எடுத்தேன் என்றார். ஐயா, சூப்பர் என்று சொல்லி 10,000 வாங்கியது உங்கள் ஆள்தானே? இன்னொருவர் புதுக் கிட்டுக்கு 1,200 கட்டினால் மறுபடி செய்து தருவோம் என்றார். நேற்று பேசிய அம்மாள், "கஸ்டமைஸ்டு ப்ராடக்ட் சார், ரிட்டர்ன் பாலிசியே கிடையாது, வேணும்னா அடுத்த பர்ச்சேஸுக்கு 500 ரூபாய் கூப்பன் தர்றோம்" என்றாரே பார்க்கலாம். 11,499 ரூபாயை விழுங்கிவிட்டு 500 ரூபாய் கூப்பன்!

இதற்கிடையில் இரண்டு கவசத்தையும் எடுத்துக்கொண்டு பழைய கிளினிக்குக்கே போனேன். அந்த டாக்டரம்மா பேச்சை வளர்க்கவில்லை. என் பல்லுக்கு அச்செடுத்து, பிளாஸ்டர் மாடல் ஊற்றி, கவசத்தை அதன்மேல் வைத்து விரலால் தட்டிக் காட்டினார். டொக் டொக்கென்று ஆடுகிறது. வாயில் மாட்டி நீல மைத்தாளைக் கடிக்கச் சொன்னார். ஒழுங்கான கார்டு என்றால் கீழ்ப்பற்கள் எல்லாம் சமமாகத் தொட்டு நீலப்புள்ளி பரவலாக விழ வேண்டுமாம். எனக்குக் கடைசிப் பல்லில் மட்டும் இரண்டு புள்ளி. இதைத் தொடர்ந்து போட்டால் பற்கள் நகரும், மேல் கீழ்ப் பற்கள் கடிபடுகிற விதம் மாறும், மூட்டு வலி கூடும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: நைட் கார்டு பல் தேயாமல் காக்கும், அவ்வளவுதான், கடிக்கிற பழக்கத்தை அது நிறுத்தாது. "ஆறே மாதத்தில் பல் கடிப்பது அடியோடு நின்றுவிடும்" என்பது அந்த விளம்பரத்தின் முதல் வரி.

அப்பாவின் கருவியைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. தூக்கத்தில் நாக்கும் உள்நாக்குப் பக்கத்துத் தசையும் தளர்ந்து பின்னால் சரிந்து, மூச்சுப் பாதை குறுகி, காற்று போகும்போது அந்தச் சதை அதிர்வதுதான் குறட்டை. பல்லில் மாட்டும் குறட்டைக் கருவி என்றால் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று இருந்து, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு வரிசைக்கும் அச்சு வேண்டும், தாடையை முன்னால் தள்ளிக் கடிக்கவைத்து ஒரு பதிவும் வேண்டும், பிறகு ஆளைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். "கீழ்ப்பல்லுக்கு அச்சு வாங்கினாங்களா?" என்றார். வாங்கவே இல்லை. 6,500 ரூபாய்க்கு வந்தது, என்னுடையதைவிடத் தடியான, முன்னால் ஓட்டை போட்ட ஒரு மேல் கவசம். அதை மாட்டினால் குறட்டை எப்படி நிற்கும்?

அப்புறம் டாக்டரம்மா என் அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார். ராத்திரி குறட்டை திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், பிறகு திணறலோடு மூச்சு வருமா என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "ஆமாம்மா, நின்னு நின்னுதான் வரும். பயந்துபோய் நானே உலுக்கி விடுவேன்." அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். பகலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிடும். இது வெறும் குறட்டையாக இல்லாமல் ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற கோளாறாக இருக்கலாம். முதலில் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்று அதில் எண்ணுவார்களாம். 5-க்குக் கீழே என்றால் பயமில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமை. அதற்குப் பிறகுதான் கருவியா, சிபேப் மெஷினா (மூச்சுப் பாதை அடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தருகிற மெஷின்) என்ற பேச்சே. அப்பா இந்தத் தடவை துண்டை உதறவில்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். வீடியோ காலில் அவ்வளவு நேரம் கால் கட்டை விரலை ஆட்டச் சொன்னவன், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. குறட்டைக்குத்தான் கருவி வாங்கியாயிற்றே என்று நாங்கள் பேசாமல் இருந்திருந்தால்?

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: வாயை நேரில் பார்க்காத எவனிடமும் நைட் கார்டு வாங்காதீர்கள். டாக்டர் என்றால் டென்டல் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நானும் புகார் போடும்போது கேட்டேன், இதுவரை வரவில்லை. குறட்டையோடு திணறலும் இருந்தால் முதலில் பரிசோதனை, கருவி அப்புறம். அச்சு, பெட்டி, சாட், பணம் போட்ட ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். "கஸ்டம், ரிட்டர்ன் இல்லை" என்றால் பின்வாங்காதீர்கள்: 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

1915-ல் புகார் எண் வந்துவிட்டது. இதே கூட்டத்திடம் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் தனித்தனியாகப் போடுங்கள், ஒரே ஆள் கத்தினால் கூப்பனோடு அனுப்பிவிடுவார்கள். என் 11,499 ரூபாயில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வந்ததும் இங்கேயே போடுகிறேன்.