தோட்டப்புற கிளினிக்கின் மெத்தடோன் முகப்பு: மருந்து சரி, நேரம்தான் சரியில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப்புற நகரொன்றின் அரசாங்க கிளினிக்கில் ஹெராயின் பழக்கத்துக்கு, அதற்குப் பதிலாகக் குடிக்கும் மாற்று மருந்தான மெத்தடோன் கொடுக்கிறார்கள். ஐசி (அடையாள அட்டை) கொண்டு போனால் போதும். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். சிறுநீர்ச் சோதனையோடு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளும் உண்டு.

முதல் நாள் 20 முதல் 30 மில்லிகிராம். "பத்தலை" என்று கெஞ்சினாலும் அவசரப்பட்டு ஏற்றுவதில்லை. அதற்கே இவர்களைப் பாராட்ட வேண்டும். நேற்றுக் குடித்தது முழுதாக இறங்குமுன் இன்றையது மேலே சேரும். முதல் இரண்டு வாரம்தான் மூச்சு அடங்கும் ஆபத்து அதிகம். சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். சில நாளுக்கொருமுறை 5, 10 என்று கூட்டி, பலருக்கு 60 தாண்டிய பிறகே ஏக்கம் அடங்கும். 40இலேயே நின்றுவிட்டு மருந்தைக் குறை சொல்லக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர் கட்டாயம் சொல்ல வேண்டும்; அது மெத்தடோனைச் சீக்கிரம் கரைத்துவிடும்.

பெரிய குறை, நேரம். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு விடியுமுன்னே, முகப்பு திறப்பதோ எட்டு மணிக்கு. மருந்தாளர் கண்ணெதிரே குடித்து, மேலே தண்ணீரும் குடித்து, விழுங்கிவிட்டதற்கு அடையாளமாகப் பேசிக் காட்டிவிட்டு வருவதற்குள் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். அதனால் நாள் விடுகிறார்கள். மூன்று நாளுக்கு மேல் விட்டவருக்குப் பழைய அளவைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். குறைந்த அளவு போதாமல் அவர் மறுபடி ஹெராயின் பொட்டலத்தைத் தேடிப் போகிறார். காலை ஆறு மணிக்கே முகப்பைத் திறந்தால் இதில் பாதி தீரும்.

சிலர் சட்டத்துக்குப் பயந்தே வருவதில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தில், பிரிவு 15படி உட்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. கையில் 2 கிராமிலிருந்து 5 கிராமுக்குள் ஹெராயின் இருந்தால் பிரிவு 39ஏபடி 2 முதல் 5 ஆண்டு சிறை, 3 முதல் 9 பிரம்படி. சிறைக்குள் மருந்து கிடைக்காமல் தாங்குசக்தி இழந்து வெளியே வருபவர், பழைய அளவு ஹெராயினை ஏற்றிக்கொண்டு முதல் வாரங்களிலேயே சாகிறார். 2005இல் மெத்தடோனையும் 2006இல் பழைய ஊசிக்குப் புது ஊசி மாற்றிக் கொடுக்கும் திட்டத்தையும் தொடங்கிய இதே நாடு, போதைப்பொருள் வைத்திருந்ததற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்புமுன் இந்த முகப்புக்கு அனுப்பலாம்.

நிலைப்பட்டவர்களுக்கு வீட்டுக்கும் போத்தலில் கொடுப்பார்கள். அதைப் பூட்டி வையுங்கள். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற கரைசலில் 60 மில்லிகிராம் என்பது வெறும் 12 மில்லிலிட்டர். அதில் ஒரு பகுதியே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும்.